நான் சரி என்று எழுதிய துப்பாக்கி

துப்பாக்கிகளோடு வாழ்ந்தவன் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால் எதிரே இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். அவருக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் கிடையாது. நான் யாரையும் சுட்டதில்லை. துடைத்திருக்கிறேன். எண்ணெய் போட்டிருக்கிறேன். மறுநாள் திரும்பவும் துடைத்திருக்கிறேன்.

யுத்தத்தின்போது வடக்கே ஒரு ராணுவப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். யுத்தம் முடிந்ததும் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாஞ்சில் நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருஷம் கையில் கிடைத்த வேலையைச் செய்தேன். சுதந்திரம் வந்த மறு வருஷம் திருவனந்தபுரத்தில் ஆயுதப் போலீஸ் முகாம் ஒன்றில் ஆர்மரர் வேலை கிடைத்தது. துப்பாக்கிகளைப் பழுது பார்த்துச் சுத்தமாக வைத்திருப்பவனுக்கு அந்தப் பெயர். கரமனையில் ஆற்றுக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் அழைத்து வந்தேன்.

முகாமின் ஆயுத அறை ஓட்டுக் கட்டடம். ஒரே ஜன்னல், அதற்கும் இரும்புக் கம்பி. ரைஃபிள்களை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை, அவை நல்ல மரமும் நல்ல இரும்புமாகச் சொன்னபடி கேட்கும். என்னை ஓய்த்தவை நாற்பது ஸ்டென் துப்பாக்கிகள்தான். யுத்தத்தில் யார் யார் கையிலோ இருந்து, எந்தெந்த மழையிலோ நனைந்து, கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தவை.

ஸ்டென் என்பது துப்பாக்கிகளில் பரம ஏழை. நெருக்கடியில் அவசர அவசரமாகச் செய்த சாமான். ஒரு இரும்புக் குழாய். அதற்குள் முன்னும் பின்னும் ஓடுகிற கனமான இரும்புக் கட்டை, அதற்குப் போல்ட் என்று பெயர். போல்ட்டுக்குப் பின்னால் ஒரு நீளச் சுருள் ஸ்பிரிங். முன்னால் குழல். இடது பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி குண்டுகள் அடைத்த மேகசின். வலப்பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துப் போல்ட்டைப் பின்னால் இழுத்தால் ஒரு கொக்கியில் மாட்டி நிற்கும். விசையை அழுத்தினால் கொக்கி விடும். ஸ்பிரிங் போல்ட்டை முன்னால் எறியும். போகிற போக்கில் அது மேகசினிலிருந்து ஒரு குண்டைத் தள்ளிக்கொண்டு போய்க் குழலில் செருகி, அதே வேகத்தில் வெடிக்கவும் வைக்கும். வெடித்த வேகம் போல்ட்டைத் திரும்பப் பின்னால் தள்ளும். விரல் விசையில் இருக்கிற வரைக்கும் இதே ஓட்டம். இவ்வளவுதான் அதன் வித்தை.

பராமரிப்பும் அப்படித்தான், எளிது. எளிதான வேலைதான் ஆளைக் கொல்லும். முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். குழலுக்குள் குண்டு இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். அப்புறம் பின் மூடியை அமுக்கி எடுத்தால் ஸ்பிரிங் வெளியே வரும், போல்ட் வரும், குழலையும் திருகி எடுத்துவிடலாம். சுட்டு வந்த துப்பாக்கி என்றால் குழலில் கொதிக்கிற வெந்நீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் மருந்தின் உப்பு உள்ளே இருந்து தின்னும். ஈரம் போகத் துணி கட்டிய கயிற்றை உள்ளே விட்டு இழுத்து, பிறகு எண்ணெய். எண்ணெய் கூடினால் தூசி ஒட்டிப் போல்ட் திணறும். குறைந்தால் துரு. அந்த ஊரில் கடல்காற்று ஒரு பக்கம், மழை ஒரு பக்கம். வைகாசிக் கடைசியில் இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் திங்கட்கிழமை துடைத்து வைத்த இரும்பு புதன்கிழமை செம்மண் பூசிக்கொண்டு நிற்கும். மேகசினின் வாயோரம் ஒரு நூல் வளைந்தாலும் குண்டு சிக்கிக்கொள்ளும். அதையும் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நாற்பது துப்பாக்கி, நாற்பது போல்ட், அதற்கு மூன்று மடங்கு மேகசின். முடித்துக் கையைக் கழுவும்போது முதல் துப்பாக்கி மறுபடி வியர்த்திருக்கும்.

எண்ணெய் வாடை என் கையைவிட்டுப் போனதே இல்லை. புளி, சாம்பல், எலுமிச்சைத் தோல் எல்லாம் தேய்த்துப் பார்த்தாயிற்று. சோற்றைப் பிசைந்தால் சோற்றில் வரும். என் காக்கிச் சட்டையை மனைவி மற்றத் துணிகளோடு சேர்க்கவே மாட்டாள்.

"இதையும் புள்ளையளுக்க பாவாடையையும் ஒண்ணா முக்கினா, பள்ளிக்கூடத்துல கிட்ட இருக்க விடமாட்டாவ" என்பாள்.

முகாமில் என் ஊர்ப் பேச்சுப் பேச ஒருவர்தான் இருந்தார். லாரி டிரைவர். அவரும் நாஞ்சில் நாடு, கரமனையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். டிரைவராக இருந்துகொண்டு பஸ்ஸில் சும்மா உட்கார அவருக்குப் பொறுக்காது. ஒவ்வொரு வளைவிலும் பஸ் ஓட்டுகிறவனைத் திட்டிக்கொண்டே வருவார். "சவம், கியரை மாத்துகானா, செக்கு ஆட்டுகானா பாரும் வே" என்பார். நான் சிரித்துக்கொண்டே வருவேன். அந்த அரை மணி நேரம்தான் அன்றன்றைக்கு நான் வாய்விட்டுச் சிரிக்கிற நேரம்.

ஸ்டென்னின் ஸ்பிரிங் நாள்பட்டால் தளர்ந்துவிடும். தளர்ந்தது கண்ணுக்குத் தெரியாது, நீளம் குறைந்திருக்கும். மேஜை விளிம்பில் புது ஸ்பிரிங்கின் நீளத்துக்கு ஒரு கோடு கீறி வைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் அந்தக் கோட்டோடு வைத்துப் பார்ப்பேன். ஏழெட்டு ஸ்பிரிங்குகள் குறைந்திருந்தன. புது ஸ்பிரிங் கேட்டு எழுதினேன். உருப்படி எண் பொருந்தவில்லை என்று காகிதம் திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடி வந்தது. மூன்றாம் தடவை எழுதினேனா என்று எனக்கே நிச்சயம் இல்லை.

ஐம்பத்திரண்டாம் வருஷ மழைக்காலத்தில் ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல். லீவு போட்டால் வேலையைப் பார்க்க ஆள் இல்லை, மாற்றாள் கேட்டால் அதற்கும் காகிதம். தலைக்குள் யாரோ உரலில் இடிப்பதுபோல இருக்க, வாராந்திரப் பரிசோதனை செய்தேன். முப்பதுக்கு மேல் முடித்திருப்பேன். ஒரு துப்பாக்கியின் ஸ்பிரிங்கை எடுத்துக் கோட்டில் வைத்தால் கட்டைவிரல் அகலம் குறைவு. மற்றவையெல்லாம் அரைக்கால் அங்குலம், கால் அங்குலம் என்றுதான் குறைந்திருந்தன. இது ரொம்ப மோசம்.

இதை உபயோகத்துக்கு ஆகாது என்று ஒதுக்க வேண்டும். ஒதுக்குவதென்றால் மூன்று பிரதியில் அறிக்கை, அதிகாரி கையெழுத்து, அப்புறம் விளக்கம் கேட்பார்கள், விளக்கம் எழுத வேண்டும். நான் அந்த ஸ்பிரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் அதைத் துடைத்து, உள்ளே போட்டு, மூடியைப் பூட்டினேன். ரேக்கின் கடைசியில் நிறுத்தினேன். கடைசித் துப்பாக்கியை யாரும் சட்டென்று எடுக்க மாட்டார்கள், உடம்பு தேறியதும் ஒதுக்கிவிடலாம் என்று நினைத்தேன். பதிவேட்டில் நாற்பதுக்கும் நேராக 'சரி' என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து நகரத்தில் பெரிய ஊர்வலம் என்று முகாமையே கிளப்பினார்கள். ரேக் காலியாயிற்று. கடைசித் துப்பாக்கி ஒரு கான்ஸ்டபிள் கைக்குப் போனது. நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்காது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். துப்பாக்கியின் எண்ணைப் பார்த்தேன், அதுதான் என்று தெரிந்தது. பின்னால் வரிசையாக ஆட்கள் நின்றார்கள், வெளியே லாரி இரைந்துகொண்டிருந்தது. "அடுத்தது" என்றேன்.

ஊர்வலத்தில் ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு லாரி முகாமுக்குத் திரும்பியது. வண்டியில் வரும்போது மேகசினைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அப்போது உத்தரவு எதுவும் கிடையாது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் ஆயுத அறை வாசலில் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்குவதற்காக நின்றுகொண்டிருந்தேன். டிரைவர் லாரியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து, ஒரு கையால் மேலே பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்து என்னைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"வே, ஆறரை பஸ்ஸு போயிராதுல்லா?"

அதே நேரத்தில் அந்தப் பையன் லாரியின் பின்பக்கத்திலிருந்து இறங்கி, பக்கவாட்டில் வந்தான். ஈரச் சிமெண்டில் பூட்ஸ் வழுக்கியது. விழாமல் சமாளித்தான், துப்பாக்கி மட்டும் கையிலிருந்து நழுவிக் தோளில் வைக்கிற பின்பக்கம் தரையில் மோத நெட்டுக்குத்தாக விழுந்தது. ஒரே ஒரு வெடிச்சத்தம். டிரைவர் கதவிலிருந்து கையை எடுத்ததுபோல இருந்தது. எடுக்கவில்லை, கை தானாக விழுந்தது. குண்டு வலது முழங்கையைத் துளைத்துப் போயிருந்தது.

அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டியில் நானும் ஏறினேன். என் துண்டால் கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். வழியெல்லாம் அவர் ஒன்றையே கேட்டார்: "லாரிக்கு பிரேக் போட்டேனா? உருண்டுரப் போவுது வே." போட்டிருக்கிறீர் என்றேன். அதை நான் பார்க்கவில்லை.

எப்படி வெடித்தது என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. போல்ட் முன்னால் இருக்கிறது, மேகசின் மாட்டியிருக்கிறது. பின்பக்கம் தரையில் மோதும்போது துப்பாக்கி நின்றுவிடும், போல்ட் தன் கனத்தில் பின்னால் நகரும். ஸ்பிரிங் நன்றாக இருந்தால் கொஞ்சம் நகர்ந்து திரும்பிவிடும். தளர்ந்திருந்தால் மேகசினைத் தாண்டிப் பின்னால் போகும், கொக்கி வரைக்கும் போகாது. திரும்பி வரும்போது ஒரு குண்டை எடுத்துக்கொண்டுதான் வரும். விசையை யாரும் தொட வேண்டியதில்லை.

பையன் விசையில் விரல் வைத்திருந்தான், அஜாக்கிரதையால் சுட்டுவிட்டான் என்று சொன்னார்கள். அன்றைக்கே அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணை முடிகிற வரை முகாமைவிட்டுப் போகக் கூடாது என்று உத்தரவு. கான்ஸ்டபிள்கள் தங்கும் பாரக்கின் ஓரத்தில் ஒரு கட்டிலில் உட்கார்ந்திருப்பான். நான் அந்த வழியாகப் போகும்போது எழுந்து நிற்பான்.

"சாரே, தைவத்தாணெ ஞான் தொட்டிட்டில்லா" என்றான் ஒரு நாள். கடவுள் சத்தியமாகத் தொடவில்லை என்கிறான். "எல்லாரும் தொட்டுன்னு பறயுந்நு. இப்ப எனிக்கே சம்சயம், தொட்டிருக்குமோன்னு."

தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தேன். இப்படி மூன்று வாரம் போயிற்று.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கிற வரை சுளகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்ககிட்ட யாராவது கேட்டாவளா?"

"இல்ல. நாளைக்கு விசாரணை. துப்பாக்கி நல்லா இருந்துதுன்னு நான் சாட்சி சொல்லணும். அவ்வளவுதான்."

"பொறவு என்ன? சொல்லிட்டு வாருங்க. ரெண்டு பொட்டப் புள்ளைய இருக்கு." ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "அந்த டிரைவர் அண்ணாச்சிக்கக் கை இனி வராதாமே?" என்றாள்.

"மடங்காதாம்."

அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். சமையலறைக்குள் பாத்திரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது. மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காலையில் சட்டையை எடுத்துக் கொடுக்கும்போது மட்டும், "பாத்துப் பேசுங்க" என்றாள். எதைப் பார்த்துப் பேசச் சொல்கிறாள் என்று நானும் கேட்கவில்லை.

விசாரணை அறையில் மூன்று பேர். அதிகாரி, மூக்குக் கண்ணாடி போட்ட மலையாளி, வாயில் ஏலக்காய் மென்றுகொண்டிருப்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது, அவருக்கும் அன்றைக்கு முடிக்க வேண்டிய ஃபைல்கள் இருந்தன. மூலையில் அந்தப் பையன், அட்டென்ஷனில். டைப்ரைட்டர் முன்னால் ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துக் குமாஸ்தா. என் வாக்குமூலத்தை அவர் முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார்.

"நாலு வரிதான் ஓய். வாசிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்தைப் போட்டுடுங்கோ. பன்னெண்டு மணிக்குள்ள எல்லாருமே ஆத்துக்குப் போயிடலாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

வாசித்தேன். மேற்படி ஆயுதம் நல்ல நிலையில் இருந்தது, வாராந்திரப் பரிசோதனையில் குறை எதுவும் காணப்படவில்லை. அழகான இங்கிலீஷ். பேனாவையும் எடுத்துக் கொடுத்தார்.

இதைத் தைரியம் என்று பிற்காலத்தில் ஒன்றிரண்டு பேர் சொன்னதுண்டு. தைரியம் எல்லாம் இல்லை. அந்தக் கையெழுத்தைப் போட்டால் அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வாராவாரம் காப்பாற்ற வேண்டும். பையன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், பஸ்ஸில் என் பக்கத்தில் காலியான இருக்கையைப் பார்க்கும்போதெல்லாம். என்னிடம் அதற்குத் தெம்பு இல்லை. அவ்வளவுதான். பேனாவைக் கீழே வைத்தேன்.

"சார், விசையைத் தொடாமலே இது வெடிக்கும். காட்டட்டுமா?"

அதிகாரி ஏலக்காய் மெல்வதை நிறுத்தினார். "எந்தா?"

இரண்டு துப்பாக்கிகளைக் கொண்டுவரச் சொன்னேன். ஒன்று நல்லது, ஒன்று அந்தத் துப்பாக்கி. மருந்தில்லாத பயிற்சிக் குண்டுகளை நானே இரண்டு மேகசின்களில் போட்டு, ஒவ்வொன்றாக அதிகாரியிடம் காட்டினேன். தரையில் சாக்கை விரித்தேன். நல்ல துப்பாக்கியை மார்பளவு உயரத்திலிருந்து நெட்டுக்குத்தாக விட்டேன். 'தொம்' என்றது. திறந்து பார்த்தால் குழல் காலி. மூன்று தடவை விட்டேன், மூன்று தடவையும் காலி.

அந்தத் துப்பாக்கியை எடுத்தேன். விட்டேன். குழல் காலி. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். குமாஸ்தா என்னைப் பார்த்த பார்வையில் 'பேசாமல் போட்டிருக்கலாமே' என்று இருந்தது. இரண்டாம் தடவையும் காலி. நான் நினைத்தது தவறோ, பையன் தொட்டுத்தான் இருப்பானோ என்று ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாம் தடவை விட்டேன். 'தொம்' என்ற சத்தத்தோடு ஒட்டிக்கொண்டே 'சடக்' என்று இன்னொரு சத்தம். திறந்தேன். பயிற்சிக் குண்டு குழலுக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

பையன் அட்டென்ஷனில் நின்றபடியே வாயைத் திறந்து மூச்சு விட்டான்.

நான் இரண்டு ஸ்பிரிங்குகளையும் வெளியே எடுத்து மேஜைமேல் அருகருகே வைத்தேன். அதிகாரி குனிந்து பார்த்தார். குறைவு எவ்வளவு என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது எப்ப முதல் இங்ஙனெ?"

"அந்த வாரப் பரிசோதனையிலேயே இப்படித்தான் சார் இருந்தது."

"ரெஜிஸ்டர்ல ஓக்கேன்னு எழுதியிருக்கே. எழுதினது ஆரு?"

"நான்தான்."

"கண்டிட்டு எழுதியதா? காணாம எழுதியதா?"

"கண்டுதான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குமாஸ்தாவைப் பார்த்து, அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதுசாக ஒன்று போடச் சொன்னார். குமாஸ்தா டைப்ரைட்டரில் புதுத் தாளைச் செருகினார். புது வாக்குமூலம் நாலு வரி இல்லை, இரண்டு பக்கம். எல்லோரும் அறையைவிட்டு வரும்போது மணி மூன்றுக்கு மேல்.

வெளியே வராந்தாவில் பையன் எனக்காக நின்றான். நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தேன் என்றால் வெட்கக்கேடு, ஆனால் எதிர்பார்த்தேன்.

"சாருக்கு முதல்லே அறியாமாயிருந்நு, இல்லே?" என்றான். எனக்கு முதலிலேயே தெரியும், இல்லையா என்கிறான்.

"தெரியும்."

"மூணு ஆழ்ச்ச." விரலை நீட்டிக் காட்டினான். "எண்டெ அம்மை மூணு ஆழ்ச்சயா ஒந்நும் கழிச்சிட்டில்லா சாரே." அவன் தாய் மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த முகாமில் அவன் எனக்காக எழுந்து நின்றதில்லை. அது நியாயம்தான்.

என் பணிப் பதிவேட்டில் கறுப்பு மை விழுந்தது. ஆயுத அறையிலிருந்து எடுத்துத் துணிக் கிடங்கில் போட்டார்கள். கம்பளி, பூட்ஸ், தொப்பி. இரும்பு இல்லாத இடம். முதல் மாதம் நிம்மதியாகத் தூங்கினேன். அதற்குப் பிறகு அதுவும் ஒரு வேலையாயிற்று.

டிரைவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றைக்கு நானும் மனைவியும் அவர் வீட்டுக்குப் போனோம். விசாரணையில் நடந்தது அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது. சாய்வு நாற்காலியில் இருந்தார். வலது கை கட்டைபோல நீட்டி நின்றது. மனைவி உள்ளே பெண்களிடம் போய்விட்டாள். நான் அவர் எதிரே நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

"மன்னிக்கணும் வே" என்றேன்.

"பொறும், பொறும்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆஸ்பத்திரியில கெடந்த அத்தன நாளும் அந்தப் பயலத் திட்டிக்கிட்டே கெடந்தேன். நல்லா இருந்துது. வலிக்கும்போ அவனத் திட்டுனா கொஞ்சம் கொறையும். இப்ப வந்து நீரு நான்தாம்னு சொல்லிட்டீரு. உம்மத் திட்ட எனக்கு வாய் வரல்ல. இனி வலிக்கும்போ நான் யாரத் திட்ட, சொல்லும்?"

மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். மனைவி மட்டும் வாரத்துக்கு இரண்டு நாள் அங்கே போய்வந்தாள். அரைத்துக் கொடுப்பாள், தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள். நான் கேட்டுக்கொள்ளவில்லை, அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவரை முகாம் வாசலில் கேட் காவலுக்குப் போட்டார்கள். இடது கையால் கேட்டைத் திறந்து மூடுகிற வேலை. காலையில் ஒரே பஸ்தான். அவர் முன்னால் உட்காருவார், நான் பின்னால். பஸ் ஓட்டுகிறவனை அவர் திட்டுவதில்லை. வளைவுகளில் அவருடைய பின்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

விசாரணைக்குப் பிறகு புது ஸ்பிரிங்குகள் வந்தன, உருப்படி எண் எப்படியோ பொருந்திவிட்டது. லாரியில் போகும்போது மேகசினைக் கழற்றித்தான் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. போல்ட்டை முன்பக்கம் பூட்டி வைக்கிற மாதிரியான புதுக் கைப்பிடிகளும் வந்தன. இரண்டு வருஷம் கழித்து என்னை மறுபடியும் ஆயுத அறைக்கே கூப்பிட்டார்கள். எனக்குப் பதிலாக இருந்தவர் இரண்டு மழைக்காலத்தில் பாதித் துப்பாக்கிகளைத் துருவுக்குக் கொடுத்திருந்தார். மன்னிப்பு என்று யாரும் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். நான் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன்.

ஐம்பத்தாறில் ராஜ்யங்களைப் பிரித்துக் கட்டினார்கள். எங்கள் நாஞ்சில் நாடு மதராஸ் பக்கம் போவதாயிற்று. அந்தப் பக்கத்துக்காரர்களில் யார் போகிறார்கள், யார் இங்கே இருக்கிறார்கள் என்று எழுதிக் கேட்டார்கள். டிரைவர் வேலையையே விட்டுவிட்டு ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். நான் இருப்பதாக எழுதினேன். பெண்கள் மலையாளத்தில் படித்து வளர்ந்துவிட்டார்கள், அதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன். இன்னொரு ஊரில் போய் முதலிலிருந்து தொடங்க அலுப்பாக இருந்தது என்பதையும் சேர்த்திருக்கலாம்.

அவர் வேலையைவிட்டு விலகுகிற நாளன்று பகல் பதினொரு மணிக்கு ஆயுத அறை வாசலில் நிழல் தட்டியது. டிரைவர் நின்றுகொண்டிருந்தார். நாலு வருஷத்தில் அவர் அந்தப் படி ஏறியதில்லை.

"வேலையா இருக்கேரா?"

"இல்ல, வாரும்."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். மேஜைமேல் ஒரு ஸ்டென் பிரித்தபடி கிடந்தது. "அந்தச் சாமான் எப்பிடி ஓடுகுன்னு எனக்கு ஒரு தடவ காட்டும் வே. லாரிய நான் போல்ட்டு போல்ட்டா பிரிச்சு மாட்டியிருக்கேன். என்னய அடிச்சது என்னன்னு தெரியாமப் போகப்பிடாதுல்லா."

காட்டினேன். குழாய், போல்ட், ஸ்பிரிங், கொக்கி. நிதானமாகக் கேட்டார். நடுவில் நிறுத்திச் சரியான கேள்விகள் கேட்டார், என்ன இருந்தாலும் இயந்திரம் தெரிந்தவர். போல்ட்டை இடது கையில் வாங்கி எடை பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

"நான் என்னமோ பெருசா நெனச்சேன்." கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கு உமக்குக் காய்ச்சல்லா?"

"உமக்கு யார் சொன்னா?"

"உம்ம வீட்டுக்காரிதான். எனக்க வீட்டுல வந்து மாவு அரைக்கும்போ சொன்னாளாம்." போல்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "காய்ச்சலோட வேல பாக்கப்பிடாது வே. நானும் பாத்திருக்கேன். ஒரு தடவ லாரிய ஓடையில விட்டேன். ஆளு சாவல்ல, அது எனக்க பாக்கியம்."

வாசலில் தேநீர்க்காரன் வந்தான், இரண்டு கிளாஸ் வாங்கினேன். அவர் இடது கையால் கிளாஸைப் பிடித்து ஊதி ஊதிக் குடித்தார். ஊரில் வீடு ஓடு மாற்ற வேண்டும், மழைக்கு முன்னால் முடியுமா என்று யோசிப்பதாகச் சொன்னார். எழுந்து போகும்போது தோளில் கை வைக்கவோ ஒன்றும் செய்யவோ இல்லை. "வாறேன்" என்றார். படியிறங்கும்போது அந்தக் கை நீட்டியபடியே போனது.

ஐப்பசிக் கடைசியில் ஒரு கார்டு வந்தது. எழுத்து கோணல்மாணலாக, வரிகள் கீழே சரிந்துகொண்டே போயின. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன், இது உமக்கு எழுதுகிற முதல் காகிதம் என்று தொடங்கியிருந்தார். ஒரு பஸ் கம்பெனியில் புதுப் பையன்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பக்கத்து இருக்கையில் உட்காருகிற வேலை கிடைத்திருக்கிறதாம். ஒருத்தனுக்கும் கியர் மாற்றத் தெரியவில்லையாம்.

மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பதில் எழுத எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. வேலை இருந்ததுதான், ஆனால் அதனால் அல்ல. கார்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கடைசியில், இங்கே எல்லோரும் சுகம், பெரியவளுக்குப் பரீட்சை, மழை இன்னும் விடவில்லை என்று எழுதிப் போட்டேன்.